டிமாண்ட் திடீரென ஏறிய மாதம்: வணிக மின்கட்டணத்தை எதிர்த்து முறையிடும் முழு வழி

"மீட்டர் கெட்டுப்போய்விட்டது தம்பி, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாமா?" என்று கேட்டபடியே அண்ணாச்சி பில்லை என் மேசைமேல் வைத்தார். தென்மாவட்டம் ஒன்றில் நடுத்தரமான தங்கும் விடுதி நடத்துகிறவர். உயர் அழுத்த மின் இணைப்பு, ஒரே நேரத்தில் 300 கேவிஏ வரை இழுக்க ஒப்பந்தம் (கேவிஏ என்பது அப்படி இழுக்கும் அளவின் அலகு). அறைகள் வழக்கம்போலத்தான் நிரம்பியிருந்தன. ஓடிய யூனிட்டும் முந்தைய மாதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் மாதாமாதம் 276 கேவிஏ அளவில் வந்துகொண்டிருந்த டிமாண்ட், அந்த மாதம் 329 என்று பதிவாகியிருந்தது. அந்த ஒரு வரியால் மட்டும் ஏறக்குறைய 50,000 ரூபாய் கூடியிருந்தது.

நோட்டீஸ் அனுப்ப வேண்டாம் என்றேன். முதலில் மீட்டருக்குள் இருக்கும் அரைமணி நேரக் கணக்கை எடுப்போம், பிறகு யாரோடு சண்டை என்று முடிவு செய்வோம் என்றேன். இத்தகைய பில்களில் பணத்தை இழப்பவர்களில் பலர், சண்டை போடத் தெரியாமல் இழப்பதில்லை; தவறான ஆளோடு, தவறான காரணத்தைச் சொல்லிச் சண்டை போட்டு இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் விடுதி, மருத்துவமனை, வணிக வளாகம், குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணக்குகள் உயர் அழுத்த இணைப்புக்கானவை. சட்ட வழிகளில் பெரும்பாலானவை தாழ்வழுத்த இணைப்புக்கும் பொருந்தும்.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

யூனிட் என்பது மாதம் முழுக்க நீங்கள் எடுத்த மின்சாரத்தின் மொத்த அளவு. டிமாண்ட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதன் அளவு. தமிழ்நாட்டில் பொதுவாக 30 நிமிடச் சராசரியை எடுத்து, மாதத்திலேயே மிக உயர்ந்த அரைமணி எதுவோ அதை அந்த மாதத்தின் டிமாண்டாகக் கொள்கிறார்கள். மாதத்தில் ஏறத்தாழ 1,440 அரைமணிகள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் உயர்ந்தாலும் மாதம் முழுமைக்கும் அதுவே கணக்கு.

கட்டணம் போடும் முறை இது. பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஒப்பந்தத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் இரட்டிப்பு விகிதம். கணக்கு எளிதாக இருக்க ஒரு கேவிஏவுக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். 276 கேவிஏ என்றால் 1,65,600 ரூபாய். 329 என்றால் முதல் 300-க்கு 1,80,000, மீதி 29-க்கு 1,200 வீதம் 34,800, ஆக மொத்தம் 2,14,800. வித்தியாசம் 49,200 ரூபாய். மின்சார வரி இதற்குமேல்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். "பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால்தான் டிமாண்ட் ஏறிவிட்டது" என்று பலரும் மனுவில் எழுதுகிறார்கள். ஓடும்போது 90 கேவிஏ எடுக்கும் மோட்டார், ஸ்டார்ட் ஆகும் 10 விநாடிக்கு 540 கேவிஏ எடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். கூடுதலான 450 கேவிஏவை அரைமணியின் 1,800 விநாடிகளில் பரப்பினால் வருவது 2.5 கேவிஏதான். 53 கேவிஏ ஏறியதற்கு இது காரணமாகாது. இந்த வரியை மனுவில் படிக்கும் பொறியாளர், மனுவில் மற்ற வரிகளும் இப்படித்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

உண்மையில் டிமாண்டை ஏற்றுபவை நின்று நிதானமாக ஓடும் கோளாறுகள். ஒன்று ஓட மற்றொன்று ஓய்வெடுக்க வேண்டிய இரண்டு சில்லர்களும் (கட்டடத்தைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரங்கள்) சேர்ந்து ஓடுவது. குளிர்பதன அறையின் பனி நீக்கும் ஹீட்டரில் கான்டாக்டர் என்னும் தானியங்கி சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் அணையாமல் எரிவது. நீண்ட மின்தடைக்குப் பின் கட்டடமே சூடாகி, எல்லா ஏ.சி.களும் ஒரே நேரத்தில் முழுமூச்சில் ஓடுவது. இவை எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்த்தது, வேலைக்கு உதவாத மின்னோட்டத்தைச் சமன்செய்யும் கெப்பாசிட்டர் பேனல் செத்துப்போவது.

பில் வந்த அன்றே செய்ய வேண்டியவை

மீட்டர் திரையைப் படம் எடுங்கள். பொத்தானை அழுத்த அழுத்த மாறிவரும் ஒவ்வொரு பக்கத்தையும், தேதியும் நேரமும் தெரியும்படி எடுக்க வேண்டும். மீட்டரின் கடிகாரத்தை உங்கள் கைபேசிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். முத்திரைகள் உடையாமல் இருக்கின்றன என்று தெரியும்படி ஒரு படம் தனியாக வேண்டும். முத்திரையைத் தொடாதீர்கள், உங்கள் எலக்ட்ரீஷியனையும் தொட விடாதீர்கள். கட்டணத் தகராறு திருட்டு வழக்காக மாறுவதற்கு அறுந்த ஒரு முத்திரை போதும்.

கருகிய பாகம் எதையும் குப்பையில் போடாதீர்கள். மாற்றிய கான்டாக்டர், வெடித்த கெப்பாசிட்டர், பழைய ரிலே எல்லாவற்றையும் தேதிச்சீட்டு ஒட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். பழுது பார்த்தவரிடம் என்ன பழுது, எப்போது கண்டது, எதை மாற்றினார் என்று கையெழுத்துடன் அறிக்கை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

பில்லை வரி வரியாகப் படியுங்கள்

கோபத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு பில்லை மடித்து வைத்துவிடுகிறோம். கடந்த 12 மாத பில்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்: ஒப்பந்த டிமாண்ட் சரியாக இருக்கிறதா, கூடுதல் சுமைக்கு ஒப்புதல் வாங்கியிருந்தால் அது ஏற்றப்பட்டிருக்கிறதா, கட்டணப் பிரிவு மாறியிருக்கிறதா, பவர் ஃபேக்டர் (இழுத்த மின்சாரத்தில் வேலைக்கு உதவிய பங்கு) எவ்வளவு, பெருக்கு எண் எவ்வளவு.

பெருக்கு எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். உயர் அழுத்த மீட்டர் நேரடியாக 11,000 வோல்ட்டைத் தொடுவதில்லை; சி.டி., பி.டி. என்னும் மாற்றிகள் வழியாகச் சுருக்கித்தான் அளக்கிறது. சி.டி. 20/5, பி.டி. 11,000/110 என்றால் 4-ஐ 100-ஆல் பெருக்கி 400. மீட்டர் இரண்டாம் பக்க அளவைக் காட்டும் வகையாக இருந்தால், அது காட்டும் எண்ணை 400-ஆல் பெருக்கினால்தான் உண்மை அளவு வரும். மீட்டரையோ சி.டி.யையோ மாற்றிய மாதத்தில் பழைய பெருக்கு எண்ணே தொடர்ந்தால் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. பெருக்கு எண் தவறு என்றால் யூனிட்டும் டிமாண்டும் ஒரே மடங்கில் ஏறும். டிமாண்ட் மட்டும் ஏறி யூனிட் அப்படியே இருந்தால், தேட வேண்டிய இடம் வேறு.

மற்றொரு தவறு, டிமாண்ட் ரீசெட் ஆகாமல் போவது. மாதம் முடிந்து கணக்கெடுத்ததும் மீட்டரின் உச்ச அளவு பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அது நடக்காவிட்டால் போன மாதத்தின் உச்சமே இந்த மாத பில்லிலும் வரும். தசமப் புள்ளி வரை அதே எண் இரண்டு மாதம் அடுத்தடுத்து வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். உச்ச அளவு பதிவான தேதியையும் நேரத்தையும் மீட்டரே காட்டும்; அந்தத் தேதி போன மாதத்துக்கு உரியதாக இருந்தால் உங்கள் வழக்கு அங்கேயே வென்றுவிட்டது.

லோட் சர்வே: எல்லாம் இதில்தான் இருக்கிறது

மீட்டர் ஒவ்வொரு அரைமணிக்கும் கிலோவாட் (உண்மையில் வேலைக்கு உதவிய அளவு), கேவிஏ, வோல்டேஜ் முதலியவற்றை உள்ளே எழுதி வைத்துக்கொண்டே இருக்கிறது. இதற்கு லோட் சர்வே என்று பெயர். இதனோடு நிகழ்வுப் பதிவும் இருக்கும்: எப்போது மின்சாரம் போனது, எப்போது ஒரு ஃபேஸில் வோல்டேஜ் விடுபட்டது, எப்போது ரீசெட் செய்யப்பட்டது என்பவை. மீட்டரின் நினைவகத்துக்கு எல்லை உண்டு. பழைய பதிவுமேல் புதியது எழுதப்பட்டுவிடும். அதனால் இதைக் கேட்பதில் ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

எழுத்தில் கேளுங்கள். உயர் அழுத்த பில் எந்த மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து வருகிறதோ அங்கே ஒரு கடிதம், உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளருக்கு ஒரு நகல். "குறிப்பிட்ட மாதத்துக்கும் அதற்கு முந்தைய மாதத்துக்கும் உரிய லோட் சர்வே, நிகழ்வுப் பதிவு, ரீசெட் தேதிகளுடன் கூடிய பில்லிங் வரலாறு ஆகியவற்றைத் தரவும்; தகராறு முடியும்வரை இத்தரவை அழியாமல் பாதுகாக்கவும்" என்று எழுதினால் போதும். பாதுகாக்கச் சொல்லும் அந்த இரண்டாம் பகுதி கட்டாயம் வேண்டும். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் மனுப்போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தரவு கைக்கு வந்ததும் உச்சமான பத்து அரைமணிகளைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் கிலோவாட்டைக் கேவிஏவால் வகுங்கள். அந்த நேரத்துப் பவர் ஃபேக்டர் கிடைத்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது இது. 14-ஆம் தேதி இரவு 7 முதல் 7.30 வரை 270 கிலோவாட், 329 கேவிஏ. வகுத்தால் 0.82. போன மாதத்தின் உச்சம் அதே 270 கிலோவாட், ஆனால் 276 கேவிஏ, வகுத்தால் 0.98.

அண்ணாச்சிக்கு அந்த இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டுக் காட்டினேன். விடுதி செய்த வேலை ஒன்றே; கிலோவாட் மாறவில்லை. வேலைக்கு உதவாமல் கம்பியில் வந்துபோகும் மின்னோட்டம் மட்டும் பெருகியிருக்கிறது. அதைச் சமன்செய்ய வேண்டிய கெப்பாசிட்டர்கள் வேலை செய்யவில்லை. பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தால், 11-ஆம் தேதிவரை நன்றாக இருந்த பவர் ஃபேக்டர் மூன்று நாளில் படிப்படியாக இறங்கியிருந்தது.

கெப்பாசிட்டர் பேனல் அறை துணி துவைக்கும் அறைக்கு அடுத்தது. பேனல் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. காற்றை வெளியேற்றும் விசிறியின் வலையில் துவாலைப் பஞ்சு மெத்தைபோலப் படிந்து, விசிறி நின்றே போயிருந்தது. 25 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் திறனை அளக்கும் அலகு) வீதம் எட்டுப் படிகள், அதாவது எட்டுக் கெப்பாசிட்டர் தொகுதிகள். அவற்றில் ஐந்தில் கான்டாக்டர் முனைகள் கரியாகிவிட்டன. கெப்பாசிட்டர் டப்பாக்களின் தலை இட்லிபோல் உப்பியிருந்தது. படிகளை இயக்கும் ரிலேயின் திரையில் எட்டு விளக்கும் எரிந்தன. எட்டும் வேலை செய்வதாக அது நம்பிக்கொண்டிருந்தது. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் போட்டுப் பார்த்தால் ஐந்தில் பூஜ்யம். தினமும் அந்த அறைக்கு வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் "சரி" என்று எழுதிய ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் கிளாம்ப் மீட்டர் வாங்கித் தரவில்லை.

இப்போது பிரித்துப் பாருங்கள்

உங்கள் பதிவேடுகளைத் தரவோடு வைத்து ஒப்பிடுங்கள்: ஜெனரேட்டர் ஓடிய நேரம், சில்லர் பதிவு, நிகழ்ச்சிகள் நடந்த நாள்கள், பழுது அறிக்கை. உச்ச அரைமணியில் நீங்கள் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தீர்கள், ஆனால் மீட்டர் மின்வாரிய மின்சாரத்தில் உச்சம் காட்டுகிறது என்றால், அது மீட்டர் பக்கத்துப் பிரச்சினைக்கு வலுவான சான்று. ஒரு ஃபேஸில் வோல்டேஜ் பதிவு விட்டுவிட்டு வருவதும், கிலோவாட்டும் யூனிட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதும் அப்படித்தான்.

மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கணக்குப் பிழை என்றால் (பெருக்கு எண், ரீசெட், ஒப்பந்த அளவு, விகிதம்) ஒரு கடிதத்தோடு, எண்களைக் காட்டித் தீர்க்க முடியும். மீட்டர், சி.டி., பி.டி. கோளாறு என்றால் சோதனை கேட்க வேண்டும். மீட்டர் சரியாக அளந்திருக்கிறது, கோளாறு உங்கள் கருவியில்தான் என்றால், மின்வாரியத்தோடு சண்டை போட்டு வெல்வது அரிது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "எங்கள் கருவி பழுதானது, தெரியாமல் நடந்தது" என்பது இரக்கத்துக்கு உரிய காரணம். ஆனால் கட்டண விதியில் அதற்கு விலக்கு கிடையாது. "உங்கள் மின்தடையால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது" என்ற வாதமும் தனியாக நிற்காது. அந்தப் பணத்தை மீட்கும் வழி வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பணம் கட்டுவதா, நிறுத்துவதா?

நிறுத்தாதீர்கள். தகராறு இருக்கிறது என்பதற்காகக் கட்டாமல் இருந்தால் தாமதக் கட்டணம் ஏறும், இணைப்பும் போகலாம். மின்சாரச் சட்டம், 2003-இன் 56-ஆம் பிரிவின்படி இணைப்பைத் துண்டிக்க முழுதாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதே பிரிவு நுகர்வோருக்கு ஒரு கேடயமும் தருகிறது. கேட்ட தொகை, கடந்த ஆறு மாதச் சராசரிக் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன்" செலுத்திவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது.

பலருக்கு இந்த இரண்டாவது வழி தெரியவே தெரியாது. இணையத்தில் முழுத் தொகைக்குக் குறைவாகக் கட்ட முடியாமல் போனால், ஆறு மாதச் சராசரிக் கணக்கை ஒரு தாளில் போட்டு, 56-ஆம் பிரிவைக் குறிப்பிட்ட கடிதத்துடன் காசோலையாகவோ வரைவோலையாகவோ மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தகராறுத் தொகை உங்கள் வியாபாரத்துக்குத் தாங்கக்கூடியது என்றால், முழுத் தொகையையும் ஆட்சேபத்துடன் கட்டிவிட்டு வழக்கு நடத்துவது மன அமைதிக்கு நல்லது. தோற்றாலும் தாமதக் கட்டணம் சேராது. எப்படிக் கட்டினாலும் "ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது" என்ற சொற்கள் கடிதத்தில் இருக்க வேண்டும்.

மனு எழுதும் முறை

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உணர்ச்சியை விட்டுவிட்டு எண்களை எழுதுங்கள். மாதிரிக்கு:

பெறுநர்: மேற்பார்வைப் பொறியாளர், …… மின் பகிர்மான வட்டம்.
பொருள்: உயர் அழுத்த மின் இணைப்பு எண் ……, …… மாத மின்கட்டணத்தில் அதிகபட்ச டிமாண்ட் தொடர்பான ஆட்சேபம்.

ஐயா, எங்கள் ஒப்பந்த டிமாண்ட் …… கேவிஏ. கடந்த 12 மாதங்களில் பதிவான அளவு …… முதல் …… வரை. இம்மாதம் …… கேவிஏ என்று பதிவாகியுள்ளது. மீட்டர் காட்டும் உச்ச நேரம் …… தேதி …… மணி. அந்த நேரத்தில் எங்கள் ஜெனரேட்டர் பதிவேட்டின்படி மின்வாரிய மின்சாரம் இல்லை (நகல் இணைப்பு 1). இம்மாத லோட் சர்வேயில் காணும் உச்ச அளவு …… மட்டுமே (இணைப்பு 2). எனவே, 1. மீட்டரையும் சி.டி., பி.டி. அமைப்பையும் எங்கள் முன்னிலையில் சோதிக்கவும், 2. சோதனை முடிவின்படி பில்லைத் திருத்தவும், 3. கூடுதலாகப் பெற்ற தொகையை அடுத்த பில்லில் ஈடுசெய்யவும், 4. முடிவு வரும்வரை இணைப்பைத் துண்டிக்காதிருக்கவும் வேண்டுகிறோம். …… ரூபாய் ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டுள்ளது (இணைப்பு 3).

உங்கள் வழக்குக்குப் பொருந்தாத வரிகளை நீக்கிவிடுங்கள். கையில் சான்று இல்லாத ஒரு குற்றச்சாட்டுகூட இருக்கக் கூடாது. நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

மீட்டர் சோதனை நடக்கும் நாளில்

சோதனைக்குக் கட்டணம் உண்டு. எம்.ஆர்.டி. என்று அழைக்கப்படும் மீட்டர் சோதனைப் பிரிவினர் வருவார்கள். அன்று உங்கள் மின் மேற்பார்வையாளர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். மீட்டரை மட்டும் தனியாகச் சோதித்து "சரி" என்று எழுதிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. சி.டி., பி.டி. விகிதம் பலகையில் உள்ளபடி இருக்கிறதா, அவற்றிலிருந்து மீட்டருக்கு வரும் வயர்களின் முனைகள் தளர்ந்திருக்கின்றனவா, ஃபேஸ் வரிசை சரியா, மீட்டர் கடிகாரம் எவ்வளவு முன்பின் என்பவையும் அறிக்கையில் வர வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் முத்திரை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளிலோ பாதி நிரப்பிய படிவத்திலோ கையெழுத்திடாதீர்கள். அறிக்கையில் உடன்பாடு இல்லை என்றால், கையெழுத்துக்கு மேலேயே "இன்ன காரணத்தால் உடன்படவில்லை" என்று எழுதுங்கள்.

மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2020-க்கு 2024-இல் வந்த திருத்தம் இங்கே உதவும். மீட்டர் அளவு உண்மையான நுகர்வுக்குப் பொருந்தவில்லை என்று முறையிட்டால், ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அது. 2023-இல் வந்த திருத்தம் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவர்களுக்கு உரியது. ஸ்மார்ட் மீட்டர் காட்டிய டிமாண்டை வைத்து, அது பொருத்தப்படுவதற்கு முந்தைய காலத்துக்குத் தண்டனைக் கட்டணம் போடக் கூடாது. ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்தலாம். அதுவும் தாண்டிய அளவுகளில் மிகக் குறைந்ததை அடிப்படையாகக் கொண்டே உயர்த்த வேண்டும்.

மீட்டர் கோளாறு என்று உறுதியானால், அந்தக் காலத்து நுகர்வைக் கணக்கிடத் தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பு, 2004 முந்தைய நான்கு மாதச் சராசரியை எடுக்கச் சொல்கிறது. அந்த நான்கு மாதமும் உங்களுக்குக் கோடை உச்சமாக இருந்திருந்தால், அதையும் சொல்லி வாதிட வேண்டியிருக்கும்.

அலுவலகம் மறுத்தால்

ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. மின்சாரச் சட்டத்தின் 42(5) பிரிவு இதற்கு அடிப்படை. அங்கே வக்கீல் இல்லாமலே நீங்கள் வாதிடலாம். மனு, பதில், லோட் சர்வே, சோதனை அறிக்கை, 12 மாத பில் அட்டவணை ஆகியவற்றை எண்ணிட்டுக் கொடுங்கள். விசாரணையில் பேச அதிக நேரம் கிடைக்காது. ஒரே ஒரு தாளில், இடப்பக்கம் பில்லில் உள்ள எண், வலப்பக்கம் மீட்டர் தரவில் உள்ள எண் என்று எழுதிக் கொண்டுபோங்கள். உங்கள் பேச்சைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

மன்றத்தின் தீர்ப்பில் நிறைவில்லை என்றால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மனிடம், மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்ற ரிட் மனு இருக்கிறது. ஆனால் 50,000 ரூபாய் தகராறுக்கு அவ்வளவு தூரம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுவோரைப் பொதுவாக 'நுகர்வோர்' என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. சொந்தப் பிழைப்புக்காகச் சிறு கடை நடத்துவோருக்கு விலக்கு உண்டு. 300 கேவிஏ விடுதிக்கு அந்த வாசல் திறப்பது கடினம்.

126 என்ற எண்ணைக் கண்டால்

உங்களுக்கு வந்தது சாதாரண பில்லா, மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ் வந்த மதிப்பீட்டு ஆணையா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் மேலே சொன்ன பாதை பொருந்தாது. ஒப்பந்தச் சுமையைத் தாண்டுவதும் அனுமதியற்ற பயன்பாட்டுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், ஒடிசாவின் சீதாராம் அரிசி ஆலை வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் தற்காலிக ஆணை வரும். அப்போதே ஆட்சேபத்தைச் சான்றுகளுடன் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இறுதி ஆணை வந்துவிட்டால் 30 நாளுக்குள் 127-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு. அதற்கு மதிப்பிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் தயங்காமல் வக்கீலிடம் போங்கள்.

கோளாறு உங்கள் கருவியில்தான் என்றால்

அண்ணாச்சியின் பில் சரியானது, முழுவதையும் கட்டினார். ஆனால் கெப்பாசிட்டர் பேனலுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு படியின் கரண்டையும் அளந்து எழுத வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. கடைசி இரண்டு அறிக்கைகளிலும் எட்டுப் படிக்கும் ஒரே எண்ணை எழுதியிருந்தார்கள். ஒரு தசமம்கூட மாறவில்லை. அந்த அறிக்கைகளையும் லோட் சர்வேயையும் உப்பிய கெப்பாசிட்டர்களையும் அவர்கள் முன்னால் மேசையில் வைத்தோம். பாகங்களை அவர்கள் செலவிலேயே மாற்றித் தந்தார்கள். அந்த ஆண்டுக் கட்டணத்திலும் 30,000 ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். மின்வாரியத்தின்மேல் நோட்டீஸ் அனுப்பியிருந்தால் இந்தப் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். உங்கள் கருவிக்கு உத்தரவாதம், பராமரிப்பு ஒப்பந்தம், இயந்திரப் பழுதுக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். பில்லின் கூடுதல் தொகை எவ்வளவு, அது எந்தப் பழுதால் வந்தது என்பதை மேலே சொன்ன கணக்கோடு எழுதிக் கேளுங்கள்.

பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் உயர் அழுத்த இணைப்புக்குத் தனி இழப்பீட்டுக் கட்டணமும் உண்டு. ஆகவே செத்த பேனல் ஒரு மாதம் அப்படியே கிடந்தால் அடி இரண்டு பக்கமும் விழும்.

கடைசியாக, பயத்தில் ஒப்பந்த டிமாண்டை உயர்த்திவிடாதீர்கள். அண்ணாச்சியும் 330 ஆக்கிவிடலாமா என்று கேட்டார். கணக்குப் போட்டோம். 330 ஆக்கியிருந்தால் அந்த ஒரு மாதம் 17,400 ரூபாய் அளவு மிச்சமாகியிருக்கும். ஆனால் 90 சதவீத விதிப்படி மாதந்தோறும் குறைந்தது 297 கேவிஏவுக்குக் கட்ட வேண்டும். அவருடைய சாதாரண மாதம் 276. வித்தியாசமான 21 கேவிஏவுக்கு மாதம் 12,600 ரூபாய் வீண். இரண்டே மாதத்தில் மிச்சம் கரைந்துவிடும். ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் தாண்டினால் மட்டுமே உயர்த்துவது நியாயம்.

அதற்குப் பதில் 275-ஐத் தொட்டதும் மணி அடிக்கும் டிமாண்ட் கண்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தினோம். மின்தடைக்குப் பின் இரண்டாவது சில்லர் 20 நிமிடம் கழித்தே ஓடும்படி டைமர் வைத்தோம். பேனல் அறை விசிறியின் வலையை வாரம் ஒருமுறை கழுவ ஏற்பாடு செய்தோம். அந்த ஊழியருக்கு ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கித் தந்தார் அண்ணாச்சி. பதிவேட்டில் இப்போது "சரி" என்ற சொல் இல்லை. எட்டுப் படிக்கும் எட்டு எண்கள் இருக்கின்றன.